லீவு முடிவதற்குள் முப்பத்திரண்டு பல்லா?

மே மாதமும் டிசம்பரும் வந்தால் ஹைதராபாத்தில் இரண்டு இடங்களில் நம்மூர் முகங்கள் அதிகமாகக் கண்ணில் படும். ஒன்று ஷம்ஷாபாத் விமான நிலையம். இன்னொன்று பல் கிளினிக்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குகட்பள்ளியிலிருந்து அமீர்பேட் வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். மெட்ரோ தூணின் நம்பரை அடையாளம் சொல்லும் பல் கிளினிக் போர்டுகள் வரிசையாக வரும். "மூன்றே நாளில் நிலையான பற்கள்", "வாழ்நாள் கேரண்டி", "என்.ஆர்.ஐ. பேக்கேஜ்", "வட்டியில்லா இ.எம்.ஐ." ஃப்ளாட் விற்கிறார்களா, பல் கட்டுகிறார்களா என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிடும்.

தெலுங்கில் பல்லுக்கு 'பன்னு' என்று பேர். வரிக்கும் அதே 'பன்னு'தான். இந்த ஊர்க்காரர்கள் தீர்க்கதரிசிகள் :-)

போர்டு வைப்பவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் போர்டில் இருப்பது நம்முடைய ஆசை. அதைக் கண்டுபிடித்து நமக்கே விற்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் லீவில் வருபவருக்கு மூன்று நாளில் முடியவேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள மாயவரத்திலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் இங்கே வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு, அவர்கள் ரயில் ஏறுவதற்குள் 'எல்லாத்தையும் செஞ்சு அனுப்பிடணும்'. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளான நமக்குப் பெற்றவர்கள் விஷயத்தில் ஒரு குற்ற உணர்ச்சி எப்போதும் உண்டு. அதற்கு ரசீது போட்டு வாங்கக்கூடிய பரிகாரமாக இப்போது இம்ப்ளாண்ட் வந்திருக்கிறது.

இம்ப்ளாண்ட்டுக்கு நான் எதிரி இல்லை. பல் போனவர்களுக்கு வைத்தியம் கண்டுபிடித்த மிக நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று. நான் எதிர்ப்பது அதை நம் லீவு லெட்டருக்குள் மடித்து வைப்பதை. எலும்புக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. அது நம் எச்.ஆர். கொடுக்கும் லீவு காலண்டர் இல்லை. தவிர, பல் யார் வாயில் இருக்கப்போகிறதோ, அவர் குடியிருக்கும் ஊரில்தான் அதைப் பார்த்துக்கொள்ள வைத்தியரும் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் மறந்துவிட்டு எவ்வளவு பெரிய கிளினிக்குக்குப் போனாலும் பிரயோஜனம் இல்லை.

எலும்பு எப்படி வேலை செய்கிறது?

இம்ப்ளாண்ட் என்றால் ஒரு பல் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் மூன்று பாகம். தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகு ஒன்று. அதன் மேல் பொருத்தும் இணைப்புத் துண்டு ஒன்று. அதற்கும் மேலே பல் மாதிரி தெரிகிற கேப். திருகைப் போடுவது சின்ன அறுவை சிகிச்சை. ஒரு பல் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதைச் செய்வது டாக்டர் இல்லை, உங்கள் எலும்பு.

இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க். அவர் பல் டாக்டர்கூட இல்லை. 1952-ல் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு டைட்டானியம் கருவியைப் பதித்து வைத்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்ற மனிதருக்கு முதன்முதலாக இந்த முறையில் பல் வைத்தார்கள். 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கும் மேல், அவர் அந்த இம்ப்ளாண்ட்டுகளோடு வாழ்ந்தார். ஆனாலும் உலகப் பல் மருத்துவர்கள் இதைப் பரவலாக ஏற்றுக்கொண்டது 1982-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். பதினேழு வருஷம் பொறுத்தார்கள்.

பிரானமார்க்கின் பழைய முறைப்படி திருகைப் போட்டு ஈறை மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடை என்றால் மூன்று மாதம், மேல்தாடை என்றால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். இப்போது திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி அந்தக் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். குறைத்திருக்கிறார்களே தவிர ஒழித்துவிடவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் திருகு ஒரு மயிரிழைக்கு மேல் அசைந்தால் போச்சு, எலும்புக்குப் பதிலாக வெறும் சதை நார் அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு அந்தப் பல் ஆடும், ஒருநாள் கையோடு வரும்.

"அப்போ ஒரே நாளில் பல் வைக்கிறது எல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். முழுப் பொய் இல்லை. போர்ச்சுகல்காரர் பாவ்லோ மாலோ 1990-களில் பிரபலப்படுத்திய 'ஆல் ஆன் ஃபோர்' முறையில் நான்கு திருகுகளின் மேல் ஒரு வரிசை முழுவதையும் அன்றைக்கே மாட்டுகிறார்கள். ஆனால் வழக்கமாக அன்றைக்கு மாட்டுவது தற்காலிகப் பல். சில மாதம் மெதுவான சாப்பாடு, எலும்பு ஒட்டியதா என்று சோதனை, அப்புறம்தான் நிரந்தரப் பல். எலும்பு கெட்டியாக இருக்கிறவர்களுக்கு, சரியான கைகளில், இது நல்ல முறை. போர்டில் முதல் பாதியை மட்டும் எழுதுகிறார்கள். மூன்றாம் நாளே கடைசிப் பல்லை மாட்டி அனுப்புகிற வேறு வகை இம்ப்ளாண்ட்டுகளும் சந்தையில் உண்டு. பிரானமார்க் வழி வந்த முறைக்கு இருக்கிற அளவுக்கு நீண்டகால ஆய்வு அவற்றுக்குப் பின்னால் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. "காத்திருந்தால் எலும்பு கரைந்துவிடுமே?" கரையும். பல் பிடுங்கிய முதல் வருஷத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அதனால் திருகைச் சீக்கிரம் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. கேப்பைச் சீக்கிரம் போடுவதில்தான் அர்த்தம் இல்லை. கிளினிக்கில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நம்மை அவசரப்படுத்துகிறார்கள்.

எத்தனை பல் வேண்டும்?

எங்கள் பெரியம்மா ஒருமுறை பத்மாராவ் நகரில் எங்களோடு இரண்டு மாதம் இருந்தார். ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போய்வருவது, பேத்திக்குக் கதை சொல்வது, பல்வலி என்று முனகுவது. ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களிடம் பேசியது 'ட்ரீட்மென்ட் கன்சல்டன்ட்' என்ற ஒரு பையன், லேப்டாப்பும் கையுமாக. வாயில் மிச்சம் பதினாறு பல் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் புது செட். விலை, ஒரு நல்ல கார் விலை. பெரியம்மாவுக்கு நான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"ஏம்ப்பா, வலிக்கிறது ரெண்டு பல்லு. மீதி பதினாலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

பையனிடம் பதில் இல்லை. "ஒரே சிட்டிங்கில் முடிந்துவிடும் சார்" என்பதையே மூன்று முறை சொன்னான். வேறு ஒரு டாக்டரிடம் போனோம். ஒரு பல்லுக்கு ரூட் கெனால், ஒன்றைப் பிடுங்கல், இல்லாத இடங்களுக்குக் கழற்றி மாட்டும் பல்செட். அதோடு ஊருக்குப் போய்விட்டார்.

பெரியம்மா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. உலகம் முழுக்க நிபுணர்கள் கேட்டிருக்கும் கேள்விதான். நெதர்லாந்தில் ஆர்ன்ட் கெய்சர் என்ற பேராசிரியர் 1981-லேயே ஆராய்ந்து சொன்னார்: பின் கடைவாய்ப்பல் சில இல்லாவிட்டாலும், முன்பற்களும் அதை ஒட்டிய சிறு கடைவாய்ப்பற்களும் எதிரெதிரே சரியாகப் பொருந்தினால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே சாப்பிட முடியும். ஜப்பானில் 1989-லிருந்து '8020' என்று ஓர் இயக்கம் நடக்கிறது. எண்பது வயதில் இருபது பல் சொந்தமாக இருக்கவேண்டும் என்பது இலக்கு. உலக சுகாதார நிறுவனமும் இருபது பல்லைத்தான் போதுமான அளவாகச் சொல்லியிருக்கிறது. முப்பத்திரண்டும் இருந்தே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, விலைப்பட்டியலைத் தவிர.

ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கும் 'ஃபுல் மவுத்' ஒன்றே வழி என்பதில்லை. 2002-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் போட்டு, பட்டன் மாதிரி பல்செட்டை அதில் மாட்டினால் போதும், முதலில் யோசிக்கவேண்டியது அதைத்தான் என்றார்கள். பேசும்போது வழுக்கி ஓடும் கீழ்ப் பல்செட்டை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படும் நம் பெரியவர்களுக்கு இது பெரிய வரம். செலவும் குறைவு, கழற்றிக் கழுவவும் சுலபம். ஆனால் இதை எந்த போர்டிலும் நான் பார்த்ததில்லை. இரண்டு திருகில் என்ன லாபம் வந்துவிடப்போகிறது?

அம்மாவின் மாத்திரை டப்பா

பெற்றவர்களைக் கூட்டிப்போவதற்கு முன் அவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

முதலில் சர்க்கரை. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆரும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை இருந்தால் இம்ப்ளாண்ட் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, எலும்பு ஒட்டாது, தொற்று வரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைக் கேட்காமலே திருகு போடத் தயாராகும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து. வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருஷம் ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி. இவற்றை எடுத்துக்கொள்கிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கினாலோ திருகு போட்டாலோ தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு என்று 2003-லிருந்து மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. மாத்திரையில் அபாயம் குறைவு, புற்றுநோய்க்காக அதிக அளவில் ஏற்றும்போது மிக அதிகம். ஆனால் வருஷத்துக்கு ஒரு ஊசியை அம்மாக்கள் 'மருந்து' என்று கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'வேற மருந்து எதாவது?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்லை'தான் பதில். பக்கத்தில் இருந்து நாம்தான் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ரத்தத்தை இளக்கும் மாத்திரை. ஸ்டென்ட் வைத்த அப்பாக்கள் பல்லுக்காக அதைத் தானாக நிறுத்திவிடக்கூடாது. இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பல் பிழைக்கும், ஆள் பிழைப்பது சந்தேகம். புகையிலை இன்னொன்று. சிகரெட்டும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் இம்ப்ளாண்ட்டைச் சுற்றியுள்ள ஈறுக்கு எமன்.

இதையெல்லாம் விசாரித்து, சொந்த ஊர் டாக்டரிடம் எழுதி வாங்கி, சர்க்கரையை இறக்கி, பிறகு ஆரம்பிக்க நேரம் வேண்டும். அந்த நேரம்தான் பேக்கேஜில் இல்லை.

சலைன் பாட்டில்

எலும்பில் துளை போடும்போது சூடேறும். 47 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிஷம் நீடித்தாலே எலும்பு கருகும் என்று 1983-லேயே நிரூபித்திருக்கிறார்கள். அதனால் மெதுவாகத் துளையிட்டுக்கொண்டே சலைன் தண்ணீரை ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் முதலில் அடிபடுவது இங்கேதான்.

அந்தத் தண்ணீர் சுத்தமானதா என்பது அடுத்த கேள்வி. நம் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023-ல் ஒரு பல் கிளினிக்கில் சாதாரண சிகிச்சைக்குப் போனவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று வந்து எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர்., மாநிலப் பொது சுகாதாரத் துறை ஆராய்ச்சியாளர்கள் துப்புத்துலக்கி, அந்த விவரம் 2025-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. காரணம் என்ன தெரியுமா? ஒருமுறை திறந்த சலைன் பாட்டிலை மூடி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் எலும்பில் திருகு போட்டுக்கொள்ளப் போனவர்கள் இல்லை.

"அது சின்ன ஊர், இங்கே எல்லாம் ஏ.சி. போட்ட கார்ப்பரேட்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். 2024 பிப்ரவரியில் இதே ஹைதராபாத்தில், பணக்கார ஜூப்ளி ஹில்ஸில், சிரிப்பை அழகாக்கும் சிகிச்சைக்குப் போன, கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஓர் இளைஞர் இறந்தார். மயக்க மருந்து அதிகமானதே காரணம் என்று தந்தை புகார் கொடுக்க, போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. யார்மீது தவறு என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. பல் சிகிச்சையும் சிகிச்சைதான், சலூனுக்குப் போய்வருகிற சமாச்சாரம் இல்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

திருகு யாருடையது?

ஊர் விட்டு ஊர் போகும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த விஷயம் மிக முக்கியம், நம்மில் பலருக்குத் தெரியாததும் இதுதான்.

இம்ப்ளாண்ட் கம்பெனிகள் ஏராளம். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், கொரியாவின் ஆஸ்டெம் என்று பெரிய பெயர்கள் சில, இந்தியத் தயாரிப்புகள் சில, பேர் தெரியாதவை பல. ஒவ்வொன்றின் உள் இணைப்பும் வேறு, அதைத் திருகும் சாவியும் பெரும்பாலும் வேறு. நாலு வருஷம் கழித்து டல்லாஸிலோ துபாயிலோ தஞ்சாவூரிலோ கேப் லூஸாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கம்பெனி, என்ன சைஸ்?" தெரியாது என்றால் அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கவேண்டும். ஊகம் தப்பினால் நல்ல திருகையும் துளைத்து எடுக்கவேண்டிய கதியாகிவிடும்.

நல்ல கம்பெனித் திருகின் டப்பியில் கம்பெனி, அளவு, லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், உரித்து ஒட்டுகிற மாதிரி. அதில் ஒன்று நோயாளி கையில் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டை லாக்கரில் வைக்கிறோம், இதைக் கேட்டு வாங்கவே கூச்சப்படுகிறோம்.

'வாழ்நாள் கேரண்டி' என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். கம்பெனி கொடுக்கும் கேரண்டி பொதுவாகத் திருகுக்கு. திருகு கெட்டால் வேறு திருகு தருவார்கள். மறுபடி செய்யும் அறுவை சிகிச்சை, போன எலும்பு, உங்கள் விமான டிக்கெட் எதுவும் அதில் வராது. இம்ப்ளாண்ட்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகும் என்பதும் உண்மை. அசல் பல்லைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, கல்லைக் கடித்தால் உடனே தெரியும். திருகுக்கு அது கிடையாது. பல நேரம் வலிகூட இல்லாமல் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க ஒருவர் வேண்டும். அம்மா மாயவரத்தில், டாக்டர் மாதாப்பூரில், மகன் மின்னசோட்டாவில் என்றால் யார் பார்ப்பது?

என்னதான் செய்யலாம்?

அமெரிக்காவில் ஒரு பல்லுக்கு மூவாயிரம், நாலாயிரம் டாலர். இங்கே நல்ல கம்பெனித் திருகோடு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்கே முடியும். பச்சை அட்டையோடு பிள்ளைகளிடம் போய்ச் சேரும் பெற்றோருக்கும் அங்கே அசல் மெடிகேர் திட்டம் வழக்கமான பல் சிகிச்சைக்குக் காசு தராது. ஆகவே இங்கே செய்துகொள்ளாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. செய்துகொள்ளுங்கள். ஆனால்,

1. இரண்டு லீவாகப் பிரியுங்கள். இந்த முறை ஸ்கேன், பிடுங்கல், திருகு. அடுத்த முறை கேப். அப்படிச் செய்தாலும் வெளிநாட்டு விலையில் பாதிகூட ஆகாது.

2. பெற்றோருக்கு என்றால் அவர்கள் குடியிருக்கும் ஊரில், அல்லது பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் செய்யுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறது. இங்கே ஹைதராபாத்தில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. சிகிச்சையை அங்கே செய்யாவிட்டாலும், 'இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா' என்று இரண்டாவது கருத்துக் கேட்க விற்பனை இலக்கு இல்லாத இடம் வேண்டும்.

3. திருகு போடுபவர் யார், கேப் வைப்பவர் யார் என்று கேளுங்கள். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துப் பதிவு செய்த எவரும் இம்ப்ளாண்ட் வைக்கலாம், தனி உரிமம் கிடையாது. கைதேர்ந்த பி.டி.எஸ்.காரர்களும் இருக்கிறார்கள். வாரக்கடைசி வகுப்பில் கற்றவர்களும் இருக்கிறார்கள். எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்பது அவமரியாதை இல்லை.

4. சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்காமல் பல திருகுகள் போடுவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கீழ்த்தாடையில் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் உதடு மரத்தே போகும்.

5. பல்லைப் பிடுங்குவதற்கு முன், "உங்கள் அம்மாவாக இருந்தால் பிடுங்குவீர்களா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். லேப்டாப் பையனிடம் இல்லை.

6. ஸ்கேன், ஸ்டிக்கர், விவரமான ரசீது மூன்றும் கையில் வராமல் கடைசித் தவணையைக் கட்டாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கடனாக ஏற்றிவிடும் இ.எம்.ஐ.யில் கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் பிடி போய்விடும்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் வந்த புதுச் சட்டப்படி, சிகிச்சை எடுத்த ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். 1915 என்ற எண்ணுக்கு போன் செய்து வழி கேட்கலாம். விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை 2014-ல் வந்த பல் மருத்துவர் நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை. விதி புத்தகத்தில் இருக்கிறது, போர்டு தூணில் இருக்கிறது.

நண்பர்களே, உங்களில் பலர் இந்த வருஷமும் டிக்கெட் போட்டிருப்பீர்கள். அம்மாவுக்குப் பல் வைக்கவேண்டும் என்று நினைப்பது நல்ல மனசு. அந்த மனசோடு கொஞ்சம் பொறுமையையும் பெட்டியில் வையுங்கள். இறங்கியதும் அவரிடம், "எந்தப் பல்லும்மா வலிக்குது? என்ன சாப்பிட முடியலை?" என்று கேளுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் கேட்பது முறுக்கு கடிக்கவும், நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கவும்தான். சில சமயம் அதற்கு ஒரு ரூட் கெனாலும் நல்ல பல்செட்டும் போதும். சில சமயம் இரண்டு திருகு. எப்போதாவதுதான் கார் விலை.

பி.கு.: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆசாமி. மேலே சொன்னது உங்கள் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளுக்காக, அவருக்குப் பதிலாக இல்லை. பெரியம்மா இந்தத் தீபாவளிக்குச் சீடை கேட்டு போன் செய்தார். கெட்டி சீடைதான் வேண்டுமாம்.